மூணு மீல்

வலப்பக்கச் சீட்டின் சூடேற்றி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சீட்டில் யாரும் இல்லை.

இடப்பக்கம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த ஸ்டைனார் அதைக் கவனித்தது மதியம் இரண்டரை மணிக்கு. வட நார்வேயில், டிசம்பரில் இரண்டரை மணி என்றால் கும்மிருட்டுதான். லோன்ஸ்பக் சார்ஜ் நிலையத்தின் ஒற்றை விளக்குக் கம்பத்துக்குக் கீழே வண்டி நின்றிருந்தது. வெளியே மைனஸ் இருபத்தாறு. சார்ஜர் பெட்டியின் விசிறி சளி பிடித்த ஆள் மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வலப்பக்கச் சீட்டுக்கு நேராக மூன்று சிவப்புக் கோடுகள். மூன்று என்றால் முழுச் சூடு. கை பட்டிருக்கும் என்று நினைத்து அணைத்தான். தெர்மாஸிலிருந்து காப்பியை ஊற்றி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த பழுப்புச் சீஸ் ரொட்டியைப் பிரித்து ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்தால், மறுபடியும் மூன்று கோடுகள். மறுபடியும் அணைத்தான்.

கணக்கில் ஸ்டைனாரை யாரும் அசைக்க முடியாது. மூன்று வருடமாக, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, இதே பாதை. விவாகரத்தான மனைவி ராக்னா, ஸ்கார்வ் மலைக்கு அந்தப் பக்கம் நெஸ்விக்கில் இருக்கிறாள். ஏழு வயது மகள் இல்வா அவளோடு. வீட்டில் நூறு சதவீதத்தில் கிளம்பினால் லோன்ஸ்பக் வரும்போது முப்பத்தெட்டு இருக்கும். தொண்ணூறு வரை ஏற்றிக்கொண்டால் மலை உச்சி விடுதியில் எழுபத்தொன்று, நெஸ்விக்கில் நாற்பது. எதிர்க்காற்றுக்கு நான்கைக் கழிக்க வேண்டும், ஈரப் பனிக்கு மூன்று. வேலையிடத்தில் யார் புதிதாக மின்சார வண்டி வாங்கினாலும் இவன் பாடம் நடத்துவான், கேட்காவிட்டாலும் நடத்துவான். போன தடவை மட்டும் புயலில் பாதையை மூடியதால் போக முடியவில்லை. அதை ராக்னா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது.

"இன்னைக்கும் வரலேன்னா கிறிஸ்மஸுக்கு அவள எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் ராக்னா.

"சார்ஜ் ஏறிட்டிருக்கு. அஞ்சு மணிக்குள்ள அங்க நிப்பேன்."

"இப்பவே பூட்ஸ் மாட்டிக்கிட்டு ஜன்னல்ல நிக்கிறா. கழட்டுடின்னா அடம் பிடிக்கிறா. அவள ஏமாத்தாத ஸ்டைனார், அவ்ளோதான்."

தொண்ணூறைத் தொட்டதும் ஒயரைப் பிடுங்கினான். மலையடிவாரத்துத் தடுப்புக் கட்டையருகே பனிவாரி வண்டி விளக்கைச் சுழற்றியபடி நின்றது. அதை ஓட்டும் ஒட்னி, ஐம்பது வயதுக்காரி, இவனைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினாள்.

"வாங்க பர்சென்ட் புரொபசரே! எவ்ளோ இருக்கு?"

"தொண்ணூறு."

"போறதுன்னா இப்பவே போயிடு. மேல காத்து ஏறுது. உனக்கப்புறம் கட்டையச் சாத்திடுவேன். அடுத்தது நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு, என் வண்டிக்குப் பின்னால வரிசையாத்தான்." சொல்லிக்கொண்டே மூக்கைச் சுளித்தாள். "உள்ள என்னப்பா ஆஸ்பத்திரி வாசன? கையில தேய்ப்பாங்களே, அந்த மருந்தக் கொட்டிட்டியா?"

வாசனை அவனுக்கும் வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நகர்ந்தான். பின்னால் தடுப்புக் கட்டை இறங்குவது சிவப்பாகத் தெரிந்தது.

அப்போதுதான் திரையைப் பார்த்தான். மலை உச்சி விடுதியின் வாசலில் ஒரு சார்ஜர் உண்டு. அதற்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று வண்டி எப்போதும் கிலோமீட்டரில்தான் காட்டும். முப்பது என்று இருக்க வேண்டும். இருந்தது வேறு.

3 மீல்.

நார்வேக்காரர்களுக்கு மீல் என்றால் பத்துக் கிலோமீட்டர். அரசாங்கப் பலகையில் அப்படி எழுத மாட்டார்கள். வாயில் வருவது அதுதான். சந்தைக்கு ஒரு மீல், அக்கா வீட்டுக்கு ஏழு மீல். அது உலகத்துக்கே தெரியும் என்பதுபோலப் பேசுவார்கள். யாருக்கும் விளக்கிச் சொல்லத் தோன்றாது. போன வருடம் இதே டிசம்பரில், லோன்ஸ்பக்கில் ஒரே ஒரு சார்ஜர்தான் வேலை செய்தது. ஸ்டைனாரின் வண்டி அதில் எழுபத்துநாலு சதவீதத்தில் நின்றிருந்தபோது, சின்ன மஞ்சள் வண்டி ஒன்று வந்து பின்னால் நின்றது. கம்பளிக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். போலந்துக்காரி. மலைக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, மறுநாள் சேர வேண்டும், நார்வேக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று திக்கித் திக்கிச் சொன்னாள். வண்டியில் பதினொரு சதவீதம்தான் இருக்கிறதாம். பேசும்போதே பையிலிருந்து புட்டியை எடுத்துக் கையில் மருந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எடுப்பீங்களா? கொஞ்சம்... எனக்கு?"

ஒயரை எடுத்து அவளுக்கு விட்டிருக்கலாம். எழுபத்துநாலே மலைக்குப் போதும். அது அவனுக்குத் தெரிந்த மாதிரி எவனுக்கும் தெரியாது. ஆனால் தொண்ணூறு என்று திட்டம் போட்டாயிற்று. போட்டால் போட்டதுதான்.

"மேல விடுதில ஒண்ணு இருக்கு. மூணு மீல்."

"மூணு மைல்!" அவள் முகம் மலர்ந்தது. விரல்விட்டு எண்ணினாள். "அஞ்சு கிலோமீட்டர். ஓ, போயிடலாம். நன்றிங்க."

அவன் வாயைத் திறந்தான். வாயைத் திறந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு மூடிக்கொண்டு காப்பியைக் குடித்தான். அரை மணி கழித்து மலைமேல் அந்த மஞ்சள் வண்டி ஓரமாக நின்றதையும் பார்த்தான். விளக்கு மங்கலாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஆள் இல்லை. யாராவது ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருபத்திரண்டு டிகிரி கதகதப்பில் பாட்டுக் கேட்டபடி கடந்து போனான். இரண்டு நாள் கழித்துப் பனிக்குள் பிணமாகக் கிடைத்தாள். ஹலினா, வயது முப்பத்தொன்று. சார்ஜர் பக்கத்தில்தான் என்று நம்பி நடந்திருக்கிறாள். மலையில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, வெளிநாட்டுக்காரி அல்லவா என்று வேலையிடத்தில் பேசிக்கொண்டார்கள். ஸ்டைனாரும் தலையாட்டினான். பாவி, நன்றாகவே ஆட்டினான்.

பனியில் பாதை தெரியச் சாலையோரத்தில் நட்டிருந்த கழிகள் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக மின்னிப் பின்னால் போயின. காற்று குறுக்கே வீசி, பொடிப்பனியைத் தார்ச்சாலையின் மேல் பாம்பு பாம்பாக இழுத்துக்கொண்டு போயிற்று. சக்கரத்தின் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம் இருந்தது. சொட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி சொட்டு. வலப்பக்கச் சீட்டின் கீழே ரப்பர் விரிப்பில் ஏதோ உருகி விழுந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளியின் வாடை, நனைந்த ஆட்டின் மேல் அடிப்பதுபோல, மருந்து வாசனையோடு கலந்து அவன் தொண்டைக்குள் இறங்கியது. மூன்று கோடுகள் எரிந்தன. அணைத்தான். எரிந்தன. அணைக்கும்போதெல்லாம் ஒரு சதவீதம் குறைந்தது.

ஒன்பது கிலோமீட்டர் வந்திருந்தான். எண்பத்துநாலு இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தொன்பது. விடுதிக்கு இன்னும் 3 மீல்.

திரை கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று சத்தமாகவே சொன்னான். திரும்பிவிடலாமா என்று தோன்றியது. திரும்பினால் கட்டை மூடியிருக்கும். ஒட்னியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லலாம். ஆனால் இல்வா ஜன்னலில் நிற்கிறாள். பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று நிற்கிறாள். இன்றைக்கு விட்டால் கிறிஸ்மஸ் போயிற்று, ராக்னா சொன்னால் சொன்னதுதான். ஸ்டைனார் தன் பக்கத்துச் சூட்டை மொத்தமாக அணைத்துவிட்டு, குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு, வேகத்தை அறுபதுக்கு இறக்கினான். கணக்குப்படி இது போதும். கணக்குப்படி இது தாராளம்.

பதினாறு கிலோமீட்டர். நாற்பத்தாறு. 3 மீல்.

இருபத்திரண்டு கிலோமீட்டர். முப்பது. 3 மீல்.

இப்போது பயந்துவிட்டான். பயத்தை மறைக்க அங்கே யாரும் இல்லை, அல்லது இல்லை என்று நினைக்கத்தான் அவன் அவ்வளவு பாடுபட்டான். சாலையின் நடுவிலேயே வண்டியைத் திருப்பினான். லோன்ஸ்பக்குக்கே போய்விடலாம், இறக்கம்தானே, இறங்கும்போது சார்ஜ் கொஞ்சம் ஏறவும் செய்யும். திரை ஒரு கணம் யோசித்தது. லோன்ஸ்பக் சார்ஜர்: 3 மீல். ஐந்து நிமிடம் ஓட்டினான். 3 மீல். பத்து நிமிடம். 3 மீல். கழிகள் மின்னி மின்னிப் போயின, எல்லாம் ஒரே கழிபோல. இறக்கம் வரவே இல்லை. போனில் சிக்னல் இல்லை. சொட்டு, சொட்டு, சொட்டு. இப்போது இடைவெளி இல்லை.

பதினொன்றில் வண்டி நின்றது.

சதவீதம் அதற்கு மேல் இறங்கவில்லை. மோட்டார் மட்டும் செத்துவிட்டது. விளக்குகள் அணைந்தன. அவன் பக்கத்துக் காற்றுத் துவாரம் ஐஸ் மூச்சு விட்டது. மூன்று சிவப்புக் கோடுகள் மட்டும் எரிந்தன. இறங்கக் கூடாது. அது தெரியும். காத்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒட்னி வருவாள். தூக்கப்பை? வீட்டில். மண்வாரியும் கம்பளியும்கூட வீட்டில்தான். எடை குறைந்தால் அரை சதவீதம் மிச்சம் என்று அவனே எடுத்து வைத்துவிட்டு வந்தான்.

முன் கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி பூக்கத் தொடங்கியது. இடது பாதியில் மட்டும். வலது பாதி தெளிவாக, ஈரமாக, வியர்த்திருந்தது.

ஒரு மணி நேரம். விரல்கள் போயின. பிறகு பாதங்கள். கண்ணிமை ஒட்டிக்கொண்டது, பிரிக்க வலித்தது.

"முப்பது கிலோமீட்டர்," என்றான். பற்கள் அடித்துக்கொண்டன. "முப்பதுன்னு சொல்லியிருக்கணும். நீங்க விரல் விட்டு எண்ணினப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன். போதுமா? வண்டியையும் பாத்தேன். நிறுத்தல. போதுமா? எம்பொண்ணு நிக்கிறாம்மா. அவ என்ன பண்ணினா?"

சொட்டுவது நின்றிருந்தது.

அழுதான். கண்ணீர் கன்னத்தில் பாதி வழியில் உறைந்தது. வலப்பக்கத்திலிருந்து கதகதப்பு வந்துகொண்டே இருந்தது, அடுப்படியிலிருந்து வருவதுபோல. அரை கை தூரம். அங்கே உட்கார்ந்தால் காலைவரை தாங்கும். எட்டு மணிவரை. மகளைப் பார்க்கலாம். அந்தச் சீட்டில் யாரும் இல்லை. கண்ணால் பார்க்கிறான், யாரும் இல்லை.

காலைத் தூக்கிப் போட்டு, முழங்காலால் ஊன்றி, நடுப்பெட்டியைத் தாண்டி, அந்தச் சீட்டில் விழுந்தான்.

சூடு. ஐயோ, என்ன சூடு. முதுகில், தொடையில், எலும்பில். அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பெல்ட் தானாக இழுபட்டு மார்பின் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அவன் உட்கார்ந்திருந்தது சீட்டில் இல்லை. அடியில் இரண்டு முழங்கால்கள். முதுகுக்குப் பின்னால் ஏறி இறங்கும் ஒரு நெஞ்சு. ஈரக் கம்பளிக் கைகள் இரண்டு, பின்னாலிருந்து வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதுபோல அவன் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டன. மூன்று கோடுகள் இரண்டாயின. ஒன்றாயின. அணைந்தன.

காதருகே, திக்கித் திக்கி, ஒரு குரல்.

"எனக்கு... இன்னும் குளிருது."

கைகள் இறுகின. சூடு அவனை விட்டுப் பின்பக்கமாகப் போகத் தொடங்கியது. முதலில் முதுகிலிருந்து, பிறகு நெஞ்சிலிருந்து. கத்த வாய் திறந்தான், ஆவிதான் வந்தது. எதிரே கருப்புக் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூச்சுகள் படிந்திருந்தன. ஒன்று ஒவ்வொரு மூச்சுக்கும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவனுடையது ஒரு காசளவுக்குச் சுருங்கியிருந்தது.