உள்ளங்கையில் ஒரு விரல்

மதியம் மூன்று மணிக்கு மருத்துவச்சி வந்தாள். செருப்பை வாசலில் விட்டு, கை கழுவி, பையிலிருந்து, குழந்தையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை எடுத்தாள். அதே பழைய வீடு, அதே பின்னறை. ஈரச் சுவரின் வாசனைகூட மாறவில்லை.

"ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம்தான். ஆம்புலன்ஸுக்கும் சொல்லி வச்சிருக்கேன். இப்பகூட மனசு மாறலாம்மா," என்றாள், வலி கண்டிருந்த நிறைமாதப் பெண்ணிடம்.

"இங்கேயே இருக்கட்டும்க்கா."

ஏன் என்று மருத்துவச்சிக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் முதல் பிள்ளை இந்த அறையில்தான் பிறந்தான். அழவில்லை. அவன் இருந்த இடம் என்று அந்தத் தாய்க்கு உலகத்தில் வேறெதுவும் கிடையாது.

அன்று கருவியின் ஒலிபெருக்கியில் இதயத் துடிப்பு ஓடி ஓடி, நின்றுபோனது. அந்த நிசப்தத்தை இன்னொரு முறை அவளால் கேட்க முடியாது. அதனால் இம்முறை இருவரும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மருத்துவச்சி வயிற்றில் குழலை வைத்துக் கேட்பாள். கேட்ட துடிப்பை அவளுடைய இடது உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டிக் காட்டுவாள். சத்தமே இல்லாமல்.

துடிப்பு வேகமாக, சீராக இருந்தது. பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருந்த கணவனின் கையை, வலி வந்தபோது இறுகப் பிடித்தாள்.

"மெதுவா! பிறக்கறதுக்குள்ள என் கை முறிஞ்சிடும்."

"பேசாதீங்க. பெத்துப் பாத்தா தெரியும்."

மருத்துவச்சி சிரித்தாள். "திட்டத் தெம்பு இருக்குல்ல, பெத்துடுவா."

வெளியே மழை இருட்டியது. வலி நெருங்கி நெருங்கி வந்தது. கண்ணை மூடி, உள்ளங்கையை மட்டும் கவனித்தாள்.

தட்டுவது மெதுவானது.

இன்னும் மெதுவானது.

விரல் சில்லென்றிருந்தது. அக்காவுக்கு இவ்வளவு சின்ன விரலா?

"அக்கா... துடிப்பு குறையுது."

"நான் தட்டலையேம்மா."

குரல் அறையின் மறுகோடியிலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தாள். மருத்துவச்சி அங்கே துண்டுகளை விரித்துக்கொண்டிருந்தாள். கணவனின் இரு கைகளும் இவள் தோளில். இடப்பக்கம் யாருமில்லை.

உள்ளங்கையில் ஒரு தட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

மருத்துவச்சி ஓடிவந்து குழலை வைத்தாள். முகம் வெளுத்தது.

"திரும்பும்மா, முட்டி போட்டுக் குனி. தம்பி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. முக்கும்மா, விடாதே!"

தலை வெளியே வந்தது; கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. மருத்துவச்சி விரலை விட்டு விலக்கினாள். ஒரு நொடி. இரண்டு நொடி.

பெண். வீறிட்டு அழுதாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா..." மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்தினாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, இருவரும் நலம் என்று சொல்லிப் போனார்கள். கணவன் வாசலில் நின்று போனில் அழுதுகொண்டிருந்தான். குழந்தை அவள் மார்பில் தூங்கியது. இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே விரிந்து கிடந்தது.

"கை சில்லிட்டுப் போச்சே. உள்ளே வச்சுக்கோம்மா."

"வேண்டாம்க்கா," அவள் கிசுகிசுத்தாள். "மூடினா நிறுத்திடுவான்."

மருத்துவச்சி குனிந்து பார்த்தாள். உள்ளங்கையின் நடுவே, மிளகளவு இடத்தில், தோல் குழிந்தது. எழுந்தது. மறுபடி குழிந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து அந்தத் துடிப்பை எண்ணத் தொடங்கினாள்.