லோயிஸின் கறுப்பு சைக்கிள்

லோயிஸ் கையில் கட்டோடு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஞானசிங்கின் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் கங்கையாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. அடுத்தவர் அடிபட்டு வந்தால் குஷிப்படலாமா? கூடாதுதான். ஆனால் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு எதிரே காபி கிளப் வைத்திருக்கும் மனுஷனுக்கு, வழக்கு என்றால் கால் தரையில் நிற்காது. கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்.

அது 1937ஆம் வருஷத்து மாசி மாதம். லோயிஸ் திருப்பதியில் மிஷன் நர்ஸ்; சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்ப்பவள்.

"எங்க நைனா சித்தூர்ல ஒரு துரைகிட்ட வாங்கின வண்டி, ஐயா. துரு ஏறிப்போச்சேன்னு தை மாசம் முனிரத்தினம் கடையில புதுசா பெயிண்ட் அடிக்கக் குடுத்தேன். பளபளன்னு பண்ணிக் குடுத்தாரு. முந்தாநாள் போய்க்கினு இருக்கசொல்ல மளுக்குன்னு உடைஞ்சி உழுந்தேன். நல்ல வண்டிச் சட்டத்தை எடுத்துக்கினு ஒடைஞ்ச சட்டத்தை மாத்தி வெச்சிட்டாருன்னு ஆஸ்பத்திரியில சாயந்திரம் போலீசுக்கு எழுதிக் குடுக்கப் போறாங்க. அவரு அப்படிப்பட்டவரு இல்லைய்யா! உள்ள தள்ளிட்டா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்." அவள் கண் கலங்கிவிட்டது.

மூவரும் திருச்சானூர் சாலைக்குப் போனபோது முனிரத்தினம் பேயறைந்தாற்போல் கடையில் உட்கார்ந்திருந்தார். உடைந்த வண்டி உள்ளே கோணி மூடிக் கிடந்தது.

"அதே சமயம் கன்ட்ராக்டர் வூட்டு சந்திரனும் இதே மாதிரி வண்டி குடுத்தாருங்க. ரெண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேச்சி, சாம்பல் கலர்ல அடிப்பூச்சு பூசித் தொங்கவிட்டேன். அடையாளத்துக்கு இந்தம்மாதுல கறுப்புத் துணி, அவருதுல பச்சைத் துணி கட்டினேன். என் புள்ள மேல ஆணை, நான் மாத்தலை!"

"சட்டத்தில் அடித்திருக்கும் நம்பரைப் பார்த்தால் போச்சு!" என்று கங்கையா துள்ளினார்.

"நைனா காலத்து வண்டி. நம்பரை யாரு பார்த்தா?" என்றாள் லோயிஸ்.

ஞானசிங் கோணியை விலக்கினார். "கடையில் யாரையாவது தனியாக விட்டீரா?"

"ஒரு நாள் சந்திரனை ஒக்கார வெச்சிட்டு சோறு துன்னப் போனேங்க."

வண்டியின் ஹாண்டில்பார் செருகியிருக்கும் முன்கழுத்தில் விரிசல் வாய் பிளந்திருந்தது. அதற்கு மேலே கம்பெனித் தகடு ஆணி அடித்துப் பதித்திருந்தது.

"இதைக் கழற்றினீரா?"

"கழட்டினா நெளிஞ்சிடும். சுத்தித்தான் தேச்சேன்."

ஞானசிங் பேனாக்கத்தியால் தகட்டை நெம்பினார். பின்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஏதோ சிவப்பாக அப்பியிருந்தது.

"துரு," என்றார் கங்கையா, பெரிய மேதாவி போல.

ஞானசிங் சிரித்துவிட்டு, கோணியை மறுபடி மூடி, சந்திரனுக்கு ஆள் அனுப்பினார்.

பச்சை சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்து இறங்கினான் சந்திரன்.

"லோயிஸ் வண்டி உடைந்துவிட்டதாம். உங்களுடையது எப்படி?" என்று ஞானசிங் சாவதானமாகக் கேட்டார்.

"என் வண்டிக்கென்ன? ஆயுத பூஜைன்னா அம்மா வண்டி முன்னாடி பெரிய பொட்டா வெச்சிடுவாங்க. இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது. இவங்க வண்டி முன்கழுத்துல விரிசல் வுட்டா அதுக்கு நானா பொறுப்பு?"

"முன்கழுத்து என்று யார் சொன்னது?"

"ஊரே பேசுது!"

"பேசட்டும்." ஞானசிங் பச்சை வண்டியின் தகட்டை நெம்பினார். உள்ளே பழைய கறுப்பு பெயிண்ட், சுத்தமாக. பிறகு கோணியைத் தூக்கினார். "வருஷா வருஷம் உங்கள் அம்மா வைத்த குங்குமம் எங்கே போயிற்று தெரியுமா? தகட்டுக்குப் பின்னால் இறங்கி, பொட்டே வைக்காத மிஷன் வீட்டுப் பெண்ணின் வண்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது."

"முனிரத்தினம் பூஜை போட்டிருப்பான்!"

"புரட்டாசியில் வரும் பூஜைக்கு, தையில் வந்த வண்டியா? உங்கள் சட்டம் விரிசல் கண்டது உங்களுக்குத் தெரியும். கடையில் ஆள் இல்லாத நேரம் துணி இரண்டையும் மாற்றிக் கட்டினீர்கள். முனிரத்தினம் துணியைப் பார்த்து வர்ணம் அடித்தார்."

சந்திரன் தலை தொங்கியது. "சின்ன விரிசல்தானே, தாங்கும்னு நெனைச்சேன்..."

"தாங்கலையே!" என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள் லோயிஸ். "கழுத்து முறிஞ்சிருந்தா?"

கங்கையாவுக்கு அவனை நாலு அறை விடவேண்டும்போல் இருந்தது. ஞானசிங் அவனை அழைத்துக்கொண்டு, போலீசுக்குப் போகவிருந்த புகாரில் பெயரை மாற்றச் சொல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

முனிரத்தினம் முகத்தைத் துடைத்துக்கொண்டு பச்சை வண்டியை லோயிஸ் முன்னால் நிறுத்தினார். சந்தோஷத்தில் கை தன்னால் சாமி படத்தடிக் குங்குமக் கிண்ணத்துக்குப் போயிற்று. திருஷ்டிக்கு ஒரு பொட்டு வைக்க விரலை நீட்டினார்.

"ஐயையோ, வெச்சிடாதீங்க!" என்றாள் லோயிஸ், அழுகையும் சிரிப்புமாக. "அப்புறம் இதுவும் என்னுது இல்லேன்னு ஐயா சொல்லிடுவாரு!"