வரைபடத்தில் ஒரு வண்டு

"ஐயோ... நில்லுங்க! கால எடுங்க!"

ப்ரோனா கத்தி முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அந்த நெட்டை ஆளின் ரப்பர் பூட்ஸ் பட்டு, கரையில் வைத்திருந்த அவளுடைய வெள்ளைத் தட்டு குப்புறக் கவிழ்ந்தது. அதற்குள் நீந்திக்கொண்டிருந்த வண்டு, விட்டால் போதும் என்று ஏரிக்குள் பாய்ந்து மறைந்தது.

எட்டு நாள்! எட்டு நாளாகத் தபால் கொடுத்து முடித்த கையோடு ஓடி வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, வலையால் துழாவி... இன்று லீவும் போட்டு... அவளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்குப் பதில் திட்டினாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இவ்ளோ பெரிய ஏரியில மிதிக்க என் தட்டுதான் கெடச்சுதா?"

"ஸாரிங்க... மழையில கண்ணாடி மங்கிடுச்சு."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். ஈர இமைகளுக்குள் சாம்பல் நிறக் கண்கள்... பதறிப்போன, பொய் சொல்லத் தெரியாத கண்கள். இந்த நேரத்தில் போய் இதையெல்லாம் கவனிக்கிறோமே என்று ப்ரோனாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"அது சாதா வண்டு இல்ல, தெரியுமா?"

"மஞ்சள் விளிம்பு... மூணு சென்டிமீட்டர்..." என்றான் மெதுவாக. அவன் கையிலும் ஒரு வலை இருந்தது.

பெயர் லோர்கன், கால்வே நகரத்திலிருந்து அதே வண்டைத் தேடி வந்தவனாம். இத்தனை நாள் ஒண்டியாகத் தேடி அலுத்தவளுக்குப் பேச ஆள் கிடைத்தது. கோபத்தையும் மீறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஆண்டுதோறும் நிரம்பி வற்றும் அந்த ஏரி, பாறைப் பொந்து வழியாக வடிந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் இங்கே மாடு மேயும். எந்த வண்டு எங்கே வாழ்கிறது என்று காட்டும் அயர்லாந்து வரைபடமோ இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதில் இந்த இடத்தில் ஒரு புள்ளி விழ வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"மூணு தடவை தண்ணிக்குள்ள பாத்து போட்டோ எடுத்து அனுப்பினேன். மூணு தடவையும் ஒரே பதில். 'அடிப்பக்கம் தெரியவில்லை, ஏற்க இயலாது.' வரைபடத்துக்குச் சரிபார்ப்பவராம்! பேர்கூட போடாத பெரிய மனுஷன்."

"மேல பாத்தா ரெண்டு வண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கும்? பின்னங்கால்கிட்ட இருக்கிற முள்ளு மழுங்கியிருந்தா சாதா வண்டு, கூரா இருந்தாத்தான் அபூர்வம். பாவம், அந்தாளு என்ன செய்வாரு..."

"என்ன பாவம்? தபால்காரிக்கு வண்டப் பத்தி என்ன தெரியும்னு இளக்காரம். கையில மாட்டட்டும், இந்தத் தண்ணியிலயே முக்கி எடுக்கறேன்!"

லோர்கன் தண்ணீரின் ஆழத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு இறங்கித் தேடத் தொடங்கினான்.

மூன்று மணி நேரம்... தூறல் நிற்கவே இல்லை. அவளுடைய பிளாஸ்கிலிருந்து ஒரே மூடியில் மாறி மாறித் தேநீர் குடித்தார்கள். பாசிக்குள் இருவர் விரல்களும் இரண்டு முறை உரசின. இரண்டாவது முறை இருவருமே அவசரப்பட்டுக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆ... அம்மா!" என்று அலறினான் லோர்கன். "கடிக்குது! பிடிச்சிட்டேன் ப்ரோனா, தட்டக் கொண்டா!"

விரலில் ரத்தம் கசிந்தும் அவன் விடவில்லை. வண்டைத் திருப்பிப் பிடித்தான். ஊசி போல இரண்டு முட்கள்! ப்ரோனா படம் எடுத்தாள்.

"இப்ப அனுப்பறேன். அந்த மகராசன் என்ன சொல்றான்னு பாக்கலாம்."

கல் சுவர் மேல் ஏறினால்தான் அவளுடைய போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஏறி அனுப்பினாள்.

லோர்கனின் சட்டைப் பையில் 'டிங்' என்று மணி அடித்தது.

நம்பாமல் இன்னொரு முறை அனுப்பினாள். மறுபடியும் 'டிங்'.

"நீ... நீங்களா?"

"நான்தான்."

"இவ்ளோ திட்டையும் வாங்கிட்டு ஊமை மாதிரி நின்னீங்களே! நான் பொய் சொல்றேனான்னு வேவு பாக்க வந்தீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தாள். இவனைப் போய்... இவனோடு போய் ஒரே மூடியில்... கண்ணீர் மழையோடு மழையாக வழிந்தது.

லோர்கன் வண்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடி வந்தான். வழியில் சேற்றில் ஒருமுறை விழுந்து எழுந்தான்.

"வேவு பாக்க வரலைங்க! நீங்க தபால் கொடுக்கப் போயிருப்பீங்கன்னு நெனச்சு வந்தேன். நானே பிடிச்சு, உங்க பேர்ல ஆதாரத்தச் சேத்துட்டு, சத்தமில்லாமப் போயிடலாம்னு..."

அவள் நின்றாள். "எதுக்கு?"

"மொத தடவையே உங்கள நம்பிட்டேன். போட்டோவுக்குக் கீழ நீங்க எழுதினதெல்லாம்... நாரை உங்க சாண்ட்விச்சத் தூக்கிட்டுப் போனதுகூட... எத்தன தடவ படிச்சேன்னு எனக்கே தெரியாது. ஆனா நம்பினா மட்டும் புள்ளி வைக்க முடியாதே."

கடிபட்ட விரலால் போனைத் தட்டி அவளிடம் நீட்டினான். வரைபடத்தில், இத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்த இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. பக்கத்தில் அவள் பெயர்.

அப்பாடா...

எட்டு நாள் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. ப்ரோனா அழுதுகொண்டே சிரித்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும்..." லோர்கன் கண்ணாடியைக் கழற்றினான். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஆதாரம்னு கேட்டா... எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

ப்ரோனா கைக்குட்டையை எடுத்து அவனுடைய விரலில் சுற்றினாள். முடிச்சுப் போட்ட பிறகும் கையை விடவில்லை.

"வேணாம்... நம்பிட்டேன்."