குளிரைத் தொட்டுப் பார்க்கும் விரல்

ஆம்பூரில் அந்த வருஷம் அடித்த கத்திரி வெயிலில், காகம்கூடக் கிணற்றடியை விட்டு நகரவில்லை. அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டுப் பெட்டிக்குள் ஐஸ்கட்டி தானாக உண்டாகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கமலம் நம்பினாள். அந்தப் பெட்டியைத் தினமும் இரண்டு வேளை தன் கையாலேயே திறக்கிறவள் அவள்.

பெட்டி பக்கத்து வீட்டு ஜியாவுல்லா மாமாவுடையது. அவர் தோல் பதனிடும் ஷாப்புக்கு முதலாளி. ஊரில் கரண்ட் இருந்த சில வீடுகளில் அவர் வீடும் ஒன்று. மதராசிலிருந்து ரயிலில் வந்த பெட்டி மாட்டுவண்டியில் ஏற, பாதித் தெரு அதன் பின்னாலேயே நடந்தது. அது ஓடத் தொடங்கிய பிறகு அதன் கதவைத் திறந்ததும் ஜில்லென்ற காற்று கமலத்தின் முகத்தில் மோதியது. அவள் 'ஆ' என்று திறந்த வாயை மூடவே மறந்துபோனாள்.

பெட்டியைப் பொருத்த வந்த மெக்கானிக், உள்ளே நூல் மாதிரி ஓடிய ஒரு செப்புக் குழாயைக் காட்டினார். அதன் நுனி, மேலே இருந்த ஐஸ் அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதுதான் பெட்டியோட விரல், பாப்பா. தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். குளிர் போதும்னா மிஷினை நிறுத்திடும். கம்மியாச்சுன்னா மறுபடி ஓட விடும்."

பெட்டிக்கு விரல்! கமலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இனிப்பைக் கண்டாலே ஓடிவரும் அவள் தம்பி சீனிவாசனுக்கு ஆறு வயது. அவனுக்குச் சர்க்கரை வியாதி. அப்பா தினமும் அவனுக்கு இன்சுலின் ஊசி போடுவார். அந்த மருந்து வெயில் பட்டாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். அதனால்தான் மருந்துப் புட்டிகள் ஜியாவுல்லா மாமாவின் பெட்டியில் குடியிருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கமலம் ஒரு புட்டியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். மருந்து அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. இரண்டும் கல்லாக உறைந்திருந்தன.

"மாமா!" என்று அலறினாள்.

ஜியாவுல்லா ஓடிவந்தார். பெட்டியில் இருந்த பால் கட்டி, தண்ணீர் கட்டி. தக்காளிகூடப் பந்து மாதிரி உருண்டது.

"இன்னா பேஜாரா போச்சு! குளிரைக் கூட்டிக் கொறைக்கிற குமிழை முழுக்கக் கம்மி பண்ணிட்டேனே. அப்பவும் நிக்கமாட்டேங்குது" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்குக்குத் தந்தி போனது. எட்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்று பதில் வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு புட்டி. நேற்று ஊசி போட்டுவிட்டு அதைத் திருப்பிக் கொடுக்க அப்பா மறந்திருந்தார். அப்பாவின் மறதிக்கு அன்றுதான் முதல்முறையாக நல்ல பெயர் கிடைத்தது. அதை ஈரமணல் பானையில் வைத்தார்கள்.

"இந்த வெயிலுக்குப் பானையில ரெண்டு நாள் தாங்கும். அதுக்கப்புறம் நான் சொல்ல முடியாது. புது மருந்து மதராசிலேருந்து வர ஒரு வாரம் ஆகும்" என்றார் டாக்டர்.

கமலத்துக்கு அழுகை முட்டியது. வீட்டில் சீனிவாசன் ஒன்றும் தெரியாமல் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். அவள் நேராகப் பெட்டியிடம் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். முன்பெல்லாம் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, 'டக்' என்று நிற்கும். இப்போது நிற்காமல் உறுமியது. அப்படியானால் குளிர் போதும் என்பது அதற்குத் தெரியவில்லை. அந்த விரலுக்கு என்ன ஆயிற்று?

அதே நேரம் அடுப்பில் பால் பொங்கியது. மாமா வீட்டுச் சமையல்காரர் துரைசாமி இரண்டு தோல் துண்டுகளால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினார்.

"கை சுடலையாண்ணா?"

"தோலு இருக்கச்சொல்ல எப்படி சுடும்? நம்ம ஊருல தோலுக்கா பஞ்சம்!"

உண்மைதான். ஆம்பூரில் கதவு கிறீச்சிட்டால் தோல் துண்டு, பெஞ்சு ஆடினால் தோல் துண்டு. எது பழுதானாலும் அதுதான் மருந்து.

கமலம் சட்டென்று எழுந்து ஐஸ் அறையின் பக்கம் எட்டிப் பார்த்தாள். செப்புக் குழாயின் நுனியைக் காணோம். அங்கே ஒரு தோல் பொட்டலம்தான் இருந்தது!

"அண்ணா, இது யார் கட்டினது?"

துரைசாமி அருகில் வந்தார். "நான்தான். இந்தக் குழாய் நுனி கடகடன்னு ஆடி சத்தம் போட்டுச்சு. சனிக்கிழமை தோலைச் சுத்தி கட்டினேன். அப்புறம் சத்தமே இல்ல" என்றார் பெருமையாக.

"அண்ணா, தோல் இருந்தா உங்க கைக்குச் சூடு தெரியல. அப்போ பெட்டியோட விரலுக்குக் குளிர் எப்படித் தெரியும்?"

துரைசாமியின் முகம் வெளுத்தது. "அய்யோ, கொழந்த மருந்தை நானா கெடுத்தேன்?"

"தெரிஞ்சா செஞ்சீங்க? வாங்க, சரியான்னு பார்ப்போம். மாமா, நீங்களும் வாங்க!"

கமலம் தோலை அவிழ்த்தாள். நுனியை ஆட்டாமல், மெல்லப் பிடித்து, ஐஸ் போட்ட டம்ளர் தண்ணீரில் விட்டாள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். உறுமல் தொடர்ந்தது. ஜியாவுல்லா உதட்டைப் பிதுக்கினார்.

'டக்.'

பெட்டி நின்றது. சனிக்கிழமைக்குப் பிறகு அந்தச் சமையலறையில் முதல்முறையாக அமைதி வந்தது. சுவர்க்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

"தொட்டுப் பாத்துட்டுது!" என்று கிசுகிசுத்தாள் கமலம். பேசினால் அது கேட்டுவிடும் என்பதுபோல இருந்தது அவளுக்கு.

"சுபானல்லா!" என்றார் ஜியாவுல்லா.

துரைசாமியே செப்புக் கம்பி தேடி எடுத்துவந்தார். வெறும் நுனி சுவரை ஒட்டி நிற்கும்படி, ஆடாமல், நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினார். இந்தத் தடவை சத்தமும் இல்லை. குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, பானையில் இருந்த புட்டியை உள்ளே வைத்தார்கள்.

மறுநாள் காலை கமலம் வந்தபோது, துரைசாமி கதவுக்குக் காவல்காரரைப் போல நின்றிருந்தார். "நிக்குது, ஓடுது, நிக்குது. எண்ணிக்கிட்டே இருக்கேன் பாப்பா!"

அவள் கதவைத் திறந்தாள். புட்டியை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்தாள்.

மருந்து அழகாக ஒருபக்கம் சரிந்து வந்தது.

கமலம் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தம்பியிடம் ஒரே ஓட்டமாக ஓடினாள்.