ரூஷெனோவ் பாலத்து வெள்ளிப் புனிதர்

துபாய் சத்வாவில் செய்கு அலாவுதீன் நடத்தும் திரைச்சீலைக் கடைக்குள் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அகிலா ஓடிவந்தபோது, அவள் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்பும் போட்டிருந்தாள்.

"பாய், அக்கா எங்க?"

"மேல இருக்கா. மொதல்ல உக்காரும்மா, ஒரு டீ..."

"டீயெல்லாம் வேணாம் பாய். எங்க புனிதரைக் காணோம்!"

அலாவுதீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனுஷன் கீழக்கரையிலிருந்து வந்து இருபது வருடமாகத் திரைச்சீலை விற்கிறாரே தவிர, பிறந்தது துப்பறியத்தான் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. ஒரு வழக்கைத் தீர்க்க அவருக்கு அரை டீ போதும். தப்பாகத் தீர்ப்பார், அது வேறு விஷயம். நிஜமாகத் துப்பறிகிறவள் அவர் மனைவி அஸ்மத் பீவி. இன்சூரன்ஸ் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டு வருகிற விண்ணப்பங்களை விசாரிப்பதுதான் அவள் பார்த்த வேலை. நனைந்த பஞ்சு மூட்டை, உடைந்த கண்ணாடி, கப்பலில் வந்த சாமி சிலைகள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இப்போது வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறாள்.

அஸ்மத் பீவி இறங்கி வந்து அகிலாவின் கால்களைப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி அவளிடம் தள்ளினாள்.

"இதைப் போட்டுக்கம்மா. போற வழியில சொல்லு."

அகிலாவின் டிராவல்ஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தது. வளைகுடாத் தமிழ்க் குடும்பங்களைப் பெருநாள் லீவுக்கு ஐரோப்பா கூட்டிப் போவது அவள் தொழில். பாரிஸ், லண்டன் எல்லாரும் கூட்டிப் போகிறார்கள் என்று, செக் நாட்டில் ரூஷெனோவ் என்ற சின்னக் கோட்டை ஊரைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கடை நடுவே அந்த ஊரின் மாதிரி வடிவம் ஒன்றைக் கட்டிலளவுக்குச் செய்ய வைத்திருந்தாள். நாளை சாயங்காலம் திறப்புவிழா. அந்த ஊர்க்காரி ஹெலெனா நேரிலேயே வருகிறாள். மாதிரியின் பாலத்தில் நிற்க வைக்கத் தன் வீட்டுப் பழைய வெள்ளிப் புனிதர் சிலையைக் கொடுத்து அனுப்பியவளும் அவள்தான். கட்டைவிரல் உயரச் சிலை.

"காலையில கடை தொறந்தேன், பாலம் காலியா இருக்கு. பூட்டு உடையல. சாவி எங்கிட்ட ஒண்ணு, பார்ட்னர் விஜிகிட்ட ஒண்ணு, மாதிரியைச் செஞ்ச மணிமாறன்கிட்ட ஒண்ணு."

"அப்போ மணிமாறன்தான்!" என்றார் அலாவுதீன்.

"அதைத்தான் விஜியும் சொல்றா. ராத்திரி அவன் மதுரைக்கு ஃப்ளைட் ஏறணும் பாய். பொண்ணு பொறந்து நாலு மாசம், இன்னும் கையில தூக்கல. விஜி போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுத்தா ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுடின்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன்."

அஸ்மத் பீவி நடையை வேகப்படுத்தினாள்.

கடைக்குள் இரண்டு பேர் எதிரெதிர் மூலையில் இருந்தார்கள். விஜி நின்றிருந்தாள். மணிமாறன், கட்டிவைத்த தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். அழுது ஓய்ந்த முகம். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கலைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது, பிதுங்கி நின்ற ஒரு குழந்தைச் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"பெட்டியில இல்ல. எவன்கிட்டயாவது கைமாத்தி விட்டிருப்பான்," என்றாள் விஜி. "சிலையை வாங்கினப்போ கையெழுத்துப் போட்டது நான். நாளைக்கு அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"தம்பி, எனக்கு உன் ஊரைக் காட்டு," என்றாள் அஸ்மத் பீவி.

மணிமாறன் தயங்கி எழுந்தான். பேச ஆரம்பித்ததும் குரல் மெல்லத் தேறியது.

"ஆறு இப்படி வளைஞ்சு வருதுக்கா. வளைவுக்குள்ள பாறை, பாறை மேல கோட்டை. ரோஜாப்பூ சின்னம் வெச்ச பிரபு கட்டினது. இந்த வட்டக் கோபுரத்துக் கடிகாரத்துல பெரிய முள்ளுதான் மணி காட்டும், சின்ன முள்ளு நிமிஷம். கழனியில நிக்கிறவனுக்கு மணி தெரிஞ்சாப் போதும்னு அப்படி வெச்சாங்களாம். ஸ்வீடன் படை வந்து ஊரை எரிச்சதுல கோபுரம் மட்டும்தான் தப்பிச்சுது. சதுக்கத்துல நிக்கிற தூண், கொள்ளைநோய் போன பிறகு பொழைச்சவங்க நன்றியா வெச்சது. சுவத்துல கோலம் மாதிரி தெரியுதே, அது சாயம் இல்ல, ஈரச் சுண்ணாம்பைக் கீறி வரைஞ்சது."

"நீ போயிருக்கியா?"

"இந்த நாட்டுலயே ருவைஸ் ஆயில் பிளான்ட் தாண்டி எங்கயும் போனதில்லக்கா. எல்லாம் போட்டோ பாத்துத்தான்."

"பாலத்துல நின்னவர் யாரு?"

"சாமியாருக்கா. ராணி பாவமன்னிப்புல சொன்ன ரகசியத்தை ராஜா கேட்டானாம். இவர் வாயே தொறக்கல. பாலத்துலேருந்து ஆத்துல தூக்கி வீசிட்டான். விழுந்த எடத்துல அஞ்சு நட்சத்திரம் மிதந்துச்சாம். அதான் தலையைச் சுத்தி அஞ்சு நட்சத்திரம் வெச்ச வளையம்."

அஸ்மத் பீவி குனிந்தாள். பாலத்தில் சிலை நின்ற இடத்தில் ஒரு துளை. சிலையைக் கீழிருந்து பிடிக்கும் திருகாணி, தொலையாமல் அதே துளையில் விரலால் திருகி வைக்கப்பட்டிருந்தது. பாலத்தடியில் டிஷ்யூ காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்று. பிரித்தாள். உள்ளே நட்சத்திர வளையம்.

"வெள்ளிதானே இது?"

"வெள்ளிதான்க்கா. கழட்டி மாட்டலாம். லேசா அழுத்தினாலும் வளைஞ்சிரும்."

"அவசரத்துல விட்டுட்டு ஓடியிருப்பான்," என்றார் அலாவுதீன்.

"அவசரத்துல ஓடுறவன் டிஷ்யூவுல மடிச்சு வெச்சுட்டா ஓடுவான்?"

அலாவுதீன் தாடியைச் சொறிந்துகொண்டார்.

அவள் பின்பக்கத்துச் சின்னச் சமையலறைக்குப் போனாள். அலாவுதீன் பின்னாலேயே போய்க் குப்பைத்தொட்டியைக் கிளறினார். கைகழுவும் தொட்டியருகே பித்தளைச் சொம்பு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன் விளிம்பில் லேசாக மஞ்சள் கறை.

"இங்க எல்லாரும் பேப்பர் கப்புலதானேம்மா குடிக்கிறீங்க?"

"ஆமாக்கா. அந்தச் சொம்பு எங்க வீட்டுது. இங்க எப்படி வந்துச்சு?" என்று அகிலா விழித்தாள்.

அலமாரியில் அரிசி மூட்டை. பக்கத்தில் மூடிய எவர்சில்வர் டப்பா. அஸ்மத் பீவி இரண்டையும் திறந்து பார்த்து மூடினாள்.

"மூட்டையில பொன்னி புழுங்கல். டப்பா நெறைய பச்சரிசி. மத்தியானச் சோறு இங்க பொங்குறது யாரு?"

"நான்தான். பச்சரிசி நான் வாங்கலியே! இன்னைக்கு இருந்த இருப்புல யாரும் ஒலை வைக்கவே இல்ல."

"பொங்கல் வைக்க வாங்கியிருப்பாங்க," என்று அலாவுதீன் சமாதானம் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் ரெங்கராஜ் எங்கம்மா?"

அகிலாவின் முகம் சுருங்கியது. "ருவைஸ்ல. பிளான்ட்டுல டெக்னீஷியன். சனி ஞாயிறு வருவாரு. நேத்து சாயங்காலம் எங்கிட்ட சாவி வாங்கிட்டு வந்து கடையில ஒயர் இழுத்துக் கொடுத்தாரு. இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் ஏறிட்டாரு. உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. அவருக்கு இந்தக் கடையே புடிக்காதுக்கா. நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. நாளைக்கு வாங்கன்னா, ம்ங்கிறாரு."

"கெளம்பும்போது ஏதாச்சும் சொன்னாரா?"

"என்னமோ சொன்னாரு. நான் அரைத் தூக்கத்துல சரி சரின்னேன். எப்பவும் கேஸை மூடு, கதவைப் பூட்டுன்னுதானே சொல்வாரு."

அஸ்மத் பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எல்லாரையும் மாதிரியைச் சுற்றி உட்காரச் சொன்னாள்.

"விஜி, திருடன் சிலையைப் புடுங்குவான். இவர் திருகாணியைக் கழட்டி, மறுபடி அதே எடத்துல வெச்சிருக்கார். அப்போ சிலை திரும்ப இங்கயே நிக்கணும்னு நெனைச்சவர். வளையமும் வெள்ளிதான், ஆனா விட்டுட்டுப் போயிருக்கார். ஏன்? சிலையை வைக்கப்போற எடத்துல வளையம் நசுங்கிரும்னு பயந்திருக்கார். நசுங்குற மாதிரி எடம் எது?"

"யா அல்லாஹ், சூட்கேஸ்!" என்றார் அலாவுதீன்.

"கொஞ்சம் சும்மா இருங்க. நான் ஆபீஸ்ல இருந்தப்போ கோயில் சிலைகள் வந்த பெட்டிக்கு ஒருத்தர் நஷ்டஈடு கேட்டார். சிலையில ஈரம், மடிப்பெல்லாம் தானியம், கப்பல்ல தண்ணி புகுந்து கெட்டுப்போச்சுன்னு. நான் ஊருக்குப் போன் போட்டு ஸ்தபதிகிட்ட விசாரிச்சேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். புதுசா ஒரு சாமியை நிறுத்துறதுக்கு முன்னாடி தண்ணியில வைப்பாங்களாம், அப்புறம் தானியத்துல மூடி வைப்பாங்களாம். அப்பத்தான் கல்லும் செம்பும் சாமியாகுமாம். சொம்பு மஞ்சத்தண்ணிக்கு. பச்சரிசி எதுக்குன்னு இப்போ சொல்லுங்க."

 அகிலா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"அவரு ஊர்ல போன வருஷம் கும்பாபிஷேகம். லீவு போட்டுட்டுப் போய் முன்னால நின்னு எல்லாம் செஞ்சாரு."

"போய் எடும்மா. நீதான் எடுக்கணும்."

டப்பாவுக்குள் அகிலாவின் கை முழங்கைவரை போனது. வெளியே வந்தபோது, விரல்களுக்கு நடுவே உதட்டில் விரல் வைத்த வெள்ளிப் புனிதர் இருந்தார். நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. அலாவுதீன் இரண்டு கையையும் தூக்கி, "நான் அப்பவே பொங்கல்னு சொன்னேன்ல!" என்றார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை, எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் அகிலாவின் போன் அடித்தது. டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து ரெங்கராஜ். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, அரிசியிலேருந்து சாமியை வெளிய எடுத்துராத. நாளைக்கு ராகுகாலம் போனப்புறம் எடுத்து நிறுத்து. காலையில சொன்னேனே?"

"நாளைக்கு நீங்களே வந்து நிறுத்தக் கூடாதா?" என்றாள் அகிலா.

 பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் மெதுவாகச் சொன்னார், "லீவு கேட்டேன். மூணு தடவை கேட்டேன். குடுக்க மாட்டேனுட்டான். நான்தான் இல்ல, சாமியாச்சும் உன் கடையில நல்லபடியா நிக்கட்டும்னு... எனக்கு வேற என்ன தெரியும்?"

அகிலா போனை நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். புனிதரை மறுபடி அரிசிக்குள் பத்திரமாகப் புதைத்து மூடினாள்.

விஜி மணிமாறன் எதிரே வந்து நின்றாள். "என்னை மன்னிச்சிரு மணி. வாய் கூசாம பேசிட்டேன்." குனிந்து, தானே கலைத்த பெட்டியிலிருந்து பிதுங்கிய சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். "ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டுவந்து விடறேன்."

"சரி மேடம். ஆனா நாளைக்கு யாரு அவரை நிறுத்துவா? திருகாணி ரொம்பப் பொடிசு." மணிமாறன் சட்டைப்பையிலிருந்து தன் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

மறுநாள் ஹெலெனா வந்தாள். அரிசிக் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரூஷெனோவிலும் வருடாவருடம் மே மாதம் புனிதரைப் படகில் ஏற்றி ஆற்றுத் தண்ணீர் தெளித்துத்தான் பாலத்துக்கு அனுப்புவார்களாம்.

விஜி மண்டி போட்டுப் பாலத்தடியில் திருகாணியை முடுக்கினாள். அஸ்மத் பீவி போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். திரையில் மணிமாறன், தோளில் ஒரு குழந்தை.

"மெதுவா மேடம், மெதுவா. வளையத்தைக் கடைசியா மாட்டுங்க."

மாட்டினாள். புனிதர் நிமிர்ந்து நின்றார். அங்கியின் மடிப்பில் ஒரு பச்சரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. விஜி அதைத் தட்டப் போனாள், அகிலா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

திரைக்குள் மணிமாறன் குழந்தையைத் திருப்பிப் பிடித்தான். "தங்கம், இங்க பாரு. இது அப்பா கட்டின ஊரு!"

குழந்தை கையை நீட்டியது.