பூவுக்குள் ஒரு கொள்ளைக் கூட்டம்

"இன்னும் ஒரு வாரந்தான்! பூவெல்லாம் இப்படியே கொட்டுச்சுன்னா செடியப் பிடுங்கிப் போட்டுட்டு, திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போயிருவேன்!" என்றாள் தங்கப்பொண்ணு.

அவளுடைய ஒன்றரை ஏக்கர் மிளகாயை இலைப்பேன் சூறையாடிக்கொண்டிருந்தது. மூன்று மருந்து அடித்தாயிற்று. பேன் சாகவில்லை, பேனைத் தின்னும் பூச்சிகள்தான் செத்தன. என்ன கொடுமை!

"பேனைத் தின்னுற கொள்ளைக்காரப் பூச்சிங்க மருந்து படாத பூவுல இருக்கும், பிடிச்சுட்டு வந்து தோட்டத்துல விடலாம். மலை உச்சிப் பழைய எஸ்டேட்டுல செவந்தி மண்டிக் கிடக்காம். கிளம்பு!" என்றாள் பூச்சியியல் படிக்கும் தோழி ரோஸ்லின்.

வழிகாட்ட வந்தவர் தங்கப்பொண்ணுவின் அக்காள் கணவர் வீரணன். பூச்சி பிடிக்க எவனாவது மலை ஏறுவானா என்று அடிவாரத்திலேயே புலம்பத் தொடங்கிவிட்டார். போதாததற்கு அட்டைக்கடி. காட்டுமாடு ஒன்று வேறு ஒரு மணி நேரம் பாதையை மறித்தது.

"அசையாதீங்க மாமா!" என்றாள் தங்கப்பொண்ணு.

"நான் எங்க அசைஞ்சேன்? காலு தானா நடுங்குது!"

மாலையில் எஸ்டேட்டை அடைந்தார்கள். வெள்ளைக் குடையைத் தலைகீழாகப் பிடித்துச் செவந்தியைத் தட்டினாள் ரோஸ்லின். கறுப்பும் வெள்ளையுமாய், எள்ளைவிடச் சிறிய பூச்சிகள் உதிர்ந்து ஓடின. புதையல்!

"இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்னா கடி கடிக்குது!" என்று வீரணன் குதித்தார்.

"மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் மாமா," என்றாள் ரோஸ்லின்.

பெண்கள் முந்நூறைப் பிடித்து ஒரே பாட்டிலில் அடைத்தார்கள். வீரணனோ செவந்தி பறித்து ஈரத்துண்டில் முடிந்துகொண்டிருந்தார். மலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் மனைவி பாண்டியம்மாள் சும்மா விடுவாளா?

"எதுக்கு வந்தோம், நீங்க என்ன பண்றீங்க?" என்று தங்கப்பொண்ணு எரிந்து விழுந்தாள்.

எஸ்டேட்டிலேயே தங்கி, மறுநாள் தோட்டத்துக்கு வந்து பாட்டிலைத் திறந்தார்கள். உயிரோடு இருந்தவை பதினொன்று. மற்றதெல்லாம் வெறும் கூடு.

"பசியில ஒண்ணையொண்ணு தின்னுருச்சு. நான் தீனி வைக்கல," என்று தலையில் அடித்துக்கொண்டாள் ரோஸ்லின். இதைப் பற்றித்தான் போன பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியிருந்தாள்! தங்கப்பொண்ணு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லை.

"ஐயோ, இங்கயும் கடிக்குதே!" என்று வீரணன் கழுத்தைச் சொறிந்தார்.

ரோஸ்லின் பாய்ந்து அவர் தோளில் கிடந்த துண்டு முடிச்சைப் பிரித்தாள். இதழ்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் கொள்ளையர்கள்! பூவிலிருந்த பேனைத் தின்று கொழுகொழுவென்று ஊர்ந்தார்கள்.

"அது பாண்டிக்கு வச்சிருக்கேன்!"

யார் கேட்டார்கள்? வரிசைக்கு ஒரு பூவாகச் செடிகளில் சொருகி முடித்தார்கள். மருந்துத் தெளிப்பான் பரணுக்குப் போனது.

மூன்று வாரத்தில் பூ கொட்டுவது நின்று பிஞ்சு இறங்கியது. பூவில் வாழ்வதைப் பூவோடுதான் கொண்டுவர வேண்டும் என்று ரோஸ்லின் நோட்டில் எழுதிக்கொண்டாள். தங்கப்பொண்ணு முதல் பறிப்பு மிளகாயோடு நாலு முழம் செவந்தியும் வாங்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனாள்.

வெறுங்கையோடு வீடு திரும்பிய நாளிலிருந்து உப்புக் கரித்த குழம்பில், அன்றுதான் வீரணனுக்கு உப்பு சரியாக இருந்தது.