நாலாவது பெயர்

துபாயில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டல் வாசலுக்கு அந்த வெள்ளை ஜீப் வந்து நின்றபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெயில் இன்னும் சுட்டது. நாங்கள் இருக்கிற ஒஸ்லோவில் ஆறு பாகை, மழை என்று கைபேசி காட்டியது. அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டு நிழலில் நின்றோம். அரை நாள் பாலைவனச் சவாரி. மணல்மேட்டில் ஜீப் ஓட்டம், பலகையில் சறுக்கல், ஒட்டகம், கடைசியில் கூடாரத்தில் சாப்பாடு. ஒஸ்லோவில் குரோருட் பக்கம் இருக்கிற எங்கள் சனம் இலையுதிர்கால விடுமுறைக்கு வந்தால் கட்டாயம் செய்கிற காரியம். மணலில் நின்று ஒரு படம் போடாவிட்டால் துபாய்க்குப் போனதையே நம்பமாட்டார்கள்.

ஓட்டுநர் கீழக்கரைக்காரர், ஜெய்னுலாபுதீன் என்று பெயர். இறங்கி வந்து, கையிலிருந்த பட்டியலை உரக்க வாசித்தார்.

"கவிசன், நிலூஜா, அபிஷா, லக்ஷனா. மொத்தம் நாலு பேரு. இன்னொரு பாப்பா எங்க சார்?"

நான் கவிசன். நிலூஜா என் மனைவி. அபிஷா எங்கள் ஐந்து வயது மகள். லக்ஷனா என்று யாரும் இல்லை. இருந்திருக்க வேண்டியவள்தான். இரண்டு வருடங்களுக்கு முன், எட்டாம் மாதத்தில், நிலூஜாவின் வயிற்றிலேயே இறந்துபோனாள். பெயரை மட்டும் முதலே பார்த்து வைத்திருந்தோம்.

அந்தப் பெயரைப் பட்டியலில் போட்டவன் நான்.

மூன்று பேராக வெளிக்கிடக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அப்படிப் போகத்தான் வேண்டுமென்றால் நாலாவதாக ஒரு கல்லையாவது பையில் போட்டுக்கொண்டு போவார்கள். நிலூஜா மட்டக்களப்பிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள், இதிலெல்லாம் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டாள். ஹோட்டலின் இருபத்து மூன்றாம் மாடியில் கல்லுக்கு எங்கே போவது? "நாலு பேர் எண்டு பதியுங்கோ, அது போதும்" என்றாள். அன்று காலைதான் எங்களுக்குள் பெரிய சண்டை. வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று அவள் சொன்ன இரவு, "நாளைக்குப் பாப்பம்" என்று நான் திரும்பிப் படுத்ததை அவள் மறுபடியும் எடுத்துப் போட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. படிவத்தில் நாலாவது பெயர் கேட்டபோது, அவளைக் குத்தவேண்டும் என்றே, லக்ஷனா, வயது இரண்டு என்று அடித்தேன்.

நிலூஜாவின் முகம் வெளிறிப்போனது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இருக்கிறா" என்று ஓட்டுநரிடம் சொன்னாள். "போவம்."

நான் முன்னால் ஏறினேன். பின்னால் இடது ஜன்னலோரம் அபிஷா, நடுவில் நிலூஜா, வலப்பக்க இருக்கை வெறுமை. வண்டி புறப்பட்டதும் இருக்கைப் பட்டி மாட்டச் சொல்லும் மணி அடிக்கத் தொடங்கியது. எல்லாரும் மாட்டித்தான் இருந்தோம். அது நிற்கவில்லை.

ஜெய்னுலாபுதீன் திரும்பிப் பார்த்தார். "வலது பக்கம்தான் கத்துது மேடம். ஆள் உக்காந்திருக்கிற மாதிரியே கத்துது. ஏதாவது பை வச்சிருக்கீங்களா?"

பை எதுவும் இல்லை. நிலூஜா கையை நீட்டி, வெறும் இருக்கைக்குக் குறுக்கே பட்டியை இழுத்து, மெதுவாகப் பூட்டினாள்.

மணி நின்றது.

பாலைவனத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, மணலில் புதையாமல் இருக்க நாலு சில்லிலும் காற்றைக் குறைத்தார். பிறகு மேட்டில் ஏறினோம். ஜீப் உச்சிக்குப் போய் ஒரு கணம் ஆகாயத்தை மட்டும் காட்டும். அடுத்த கணம் மூக்குக் குப்புறச் சரியும். நான் கைபிடியை உடைக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அபிஷா மட்டும் கைகொட்டிச் சிரித்தாள். "ஏன் காங் தில்! ஏன் காங் தில்!" இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நோர்வேஜிய மொழியில். என் மகளுக்குச் சந்தோஷமும் அழுகையும் கோபமும் அந்த மொழியில்தான் வரும். தமிழில் "ஓம்", "பசிக்குது", "அம்மா" என்று நாலைந்து சொல். நிலூஜாவுக்கு அது பெரிய குறை.

சூரியன் இறங்குகிற நேரத்தில் பெரிய மேடொன்றின் உச்சியில் நிறுத்தினார். மணல் செம்பு நிறமாக மாறியிருந்தது. சுற்றிவர ஒரு மரம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. அபிஷா சறுக்குப் பலகையில் ஏறி மேட்டின் மறுபக்கம் வழுக்கிப் போனாள். "பப்பா, பார்!" என்று கத்தியது கேட்டது. அவளுக்கு நான் எப்போதும் பப்பாதான், அப்பா இல்லை. நான் என் படத்துக்கு வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் சட்டென்று வடிந்தது. காற்றில் வெந்த கல்லின் வாசனை. ஜெய்னுலாபுதீன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பட்டியலை வாசித்தார். ஆட்களை மணலில் விட்டுவிட்டுப் போகாமலிருக்க அது அவர்களுடைய முறை.

"கவிசன் சார்."

"ஓம்."

"நிலூஜா மேடம்." அவள் கையை உயர்த்தினாள்.

"அபிஷா பாப்பா."

காற்று மட்டும்.

"லக்ஷனா பாப்பா."

"ஓம்."

சின்னக் குரல். தெளிவான குரல். அது வண்டிக்குள்ளிருந்து வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வலப்பக்க இருக்கையில், பூட்டிய பட்டிக்குள், நிலூஜாவின் சால்வையைப் போர்த்தியபடி என் மகள் இருந்தாள். அதே முகம், அதே மச்சம், அதே மஞ்சள் சட்டை. ஐந்து நிமிடத்துக்கு முன் மணலில் உருண்டவளின் தலைமுடியில் ஒரு மணல் இல்லை. சப்பாத்தின் அடியிலும் இல்லை.

"அபிஷா" என்றேன். அவள் திரும்பவில்லை.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஒஸ்லோவில், அம்மருட் பக்கம், மழலையர் பள்ளியொன்றில் வேலை செய்கிறவன். காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் தலைகளை எண்ணுவதுதான் எங்கள் வேலை. அன்றைக்கும் எண்ணினேன். மனைவி, பிள்ளை, நான். கணக்குச் சரி. ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்குள் பிள்ளையைக் கண்டதும் ஜெய்னுலாபுதீனும் பட்டியலை மடித்துவிட்டார்.

வண்டி நகர்ந்தபோது மேட்டின் மறுபக்கத்திலிருந்து யாரோ "பப்பா!" என்று கூப்பிட்டார்கள்.

வேறு வண்டியில் வந்த பிள்ளையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே வேறு வண்டி நிற்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

ஒஸ்லோ திரும்பிய முதல் வாரமே அபிஷாவின் மழலையர் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். நல்ல மனுசி, அந்த ஆசிரியை. கதிரையை இழுத்துப் போட்டு, நோர்வேஜியர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது தலையைச் சரிக்கிற மாதிரித் தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார். "வீட்டில் ஏதாவது நடந்ததா? அவள் எங்கள் மொழியில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசவில்லை என்பதை விடுங்கள், நாங்கள் சொல்வது அவளுக்கு விளங்கவே இல்லை. பெயரைக் கூப்பிட்டாலும் பார்ப்பதில்லை."

வீட்டிலோ அவள் வாய் ஓயாமல் கதைத்தாள். தண்ணீர் ஓடுகிற மாதிரித் தமிழ். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காத பாட்டு, நிலூஜா இரண்டாவது பிள்ளையைச் சுமந்த காலத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு பாடிய பாட்டு, அதைச் சொல் பிசகாமல் பாடினாள். எங்கள் பழைய சண்டைகளும் அவளுக்குத் தெரிந்திருந்தன. ஒரு நாள் சோறு தின்னும்போது நிமிர்ந்து, "அப்பா, அண்டைக்கு அம்மா அழுதவ. நீங்கள் குறட்டை விட்டனீங்கள்" என்றாள்.

நிலூஜா பூரித்துப்போனாள். கம்சாயினி என்கிற அவளுடைய தோழி வீட்டுக்கு வந்து, "என்னடி, பிள்ளை இப்ப இவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்குது" என்று அதிசயித்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் இரண்டு வருடமாகக் கண்டதில்லை.

நவம்பர் கடைசியில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவே நிலூஜா கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடு லக்ஷனா. சவர்க்காரம் போயிடும்."

அவள் வெளியே வந்ததும் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்தேன். "உமக்குத் தெரியும். முதலே தெரியும், என்ன?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"பட்டி பூட்டேக்கை. கைக்குச் சூடு பட்டது." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஜீப் வெளிக்கிடேக்கை அவள் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. நீங்கள் இறங்குவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் இறங்கேல்லை."

"அபிஷாவும் நீர் பெத்த பிள்ளை, நிலூ."

"அவளுக்கு அஞ்சு வருசம் கிடைச்சது. இவளுக்கு ஒரு நாளும் கிடைக்கேல்லை."

இதைச் சொல்லிவிட்டு அவள் பிள்ளையின் தலையைத் துவட்டப் போனாள். மனிதரை வெறுப்பது எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்தது. அவளைவிட என்னை வெறுத்தேன் என்பது ஆறுதல் இல்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஜெய்னுலாபுதீனிடமிருந்து செய்தி வந்தது. பதிவில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பாப்பா நல்லாயிருக்குல்ல? அந்த மேட்டுப் பக்கம் இப்ப யாரும் வண்டியை நிறுத்துறதில்ல. சாயங்காலமானா ஒரு சின்னப் புள்ள அழுகுது. அரபியும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. உங்க பாப்பா அன்னிக்கு வண்டில கத்துச்சே, அந்தப் பாஷை மாதிரி இருக்கு."

கைபேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டு உடனே அழைத்தேன். இங்கே மணி இரண்டரை, பாதி திறந்திருந்த சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஐந்தரை. அவர் அந்த மேட்டுக்குக் கிட்டத்தான் நின்றார். கையில் கைபேசியோடு ஏறினார். மூச்சு வாங்குவது கேட்டது, மணல் சரிவது கேட்டது.

பிறகு அவள் குரல் கேட்டது.

தொண்டை வறண்டு, கரகரத்து, ஆனாலும் என் பிள்ளையின் குரல். "பப்பா, யாய் ஆர் ஹார்." நான் இங்கேதான் இருக்கிறேன். அதையே சொன்னாள். விட்டுவிட்டுச் சொன்னாள். இரண்டு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று விளங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அபிஷா!" என்று கத்தினேன். அவளுடைய மொழியிலேயே கத்தினேன். "பப்பா கதைக்கிறன். என் குரலைப் பிடிச்சுக்கொண்டு வா. வீட்டுக்கு வா, செல்லம். இப்பவே வா!"

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

என் முதுகுக்குப் பின்னால் சின்னக் காலடி. ஒரு கை என் சட்டையை இழுத்தது.

"பப்பா?"

திரும்பினேன். அவள் நின்றாள். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாயிலிருந்து நோர்வேஜிய மொழி வந்தது. அபிஷாவின் குரல், அபிஷாவின் இழுப்பு, வார்த்தை முடிவில் மேலே போகிற அவளுடைய ராகம். குளிர்கிறது என்றாள். ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை என்று கேட்டாள். நான் முழங்காலில் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். கதவடியில் நின்ற நிலூஜா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்தாள். அவளுடைய பிள்ளை போய்விட்டது, என்னுடையது வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவளைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

மேசையில் கிடந்த கைபேசியில் ஜெய்னுலாபுதீனின் குரல் கேட்டது.

"சார், லைன்ல இருக்கீங்களா? பேச்சை நிறுத்திடாதீங்க சார். பாப்பா மேட்டு மேலயே ஏறி வந்திருச்சு போல. எங்கிட்டக்க நின்னு அழுகுது. பேசுங்க சார்."

அதற்குப் பின்னால், கைபேசிக்கு மிகக் கிட்டே, அந்தக் கரகரத்த குரல். "பப்பா?"

என் அணைப்பில் இருந்தவள் என் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள். மேசையை எட்டி, சிவப்புப் பொத்தானை அமத்தினாள்.

"குளிருது அப்பா" என்றாள், நல்ல தமிழில். "யன்னலைச் சாத்துங்கோ."